ஆர்க்கிட்டுக்கு நிழல்வலை கட்டியாயிற்று, காற்றுக்கு என்ன செய்தீர்கள்?

வெயில் கொளுத்தும் ஊரில் வெளியே ஆர்க்கிட் வைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது நிழல்வலை. 50 சதவீதமா, 75 சதவீதமா என்று நாள்கணக்கில் யோசித்து வாங்கித் தலைக்கு மேல் கட்டிவிடுவார்கள். நான்கு பக்கமும் திறந்தே கிடக்கும். வெயிலை மறைத்துவிட்ட நிம்மதியில் இருக்கும்போது, அனல்காற்று குறுக்கே புகுந்து நாள் முழுக்கச் செடியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெயில் சுட்ட இலையில் வெளுத்த திட்டு ஓரிரு நாளில் தெரிந்துவிடும், செடியை நகர்த்திவிடலாம். காற்று செய்யும் சேதம் வெளியே தெரியவே வாரக்கணக்கில் ஆகும்.

சரி, காற்றைத் தடுப்போம் என்று தகரத்தையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ நிறுத்துவது அடுத்த தவறு. முழுக்க அடைத்த தடுப்பில் மோதும் காற்று மேலேறி, பின்பக்கம் சுழன்று விழும். காற்று நின்ற நேரத்தில் உள்ளே வெக்கை தேங்கும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வலை, தட்டி, செடிவேலி இவைதான் உதவும். காற்று வரும் பக்கம் இலை அடர்ந்த தொட்டிச் செடிகளை வரிசையாக வைத்தால் வேகமும் குறையும், ஈரப்பதமும் கொஞ்சம் கூடும். மேல்வலையைச் செடியின் தலையை உரசுகிற மாதிரி தாழ்வாகக் கட்டாதீர்கள். நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை, அல்லது வெக்கை வெளியேற வழியில்லை.

அப்புறம் அந்த ஸ்பிரே பாட்டில். காற்றடிக்கும் மதியத்தில் இலைமேல் பீய்ச்சிய நீர் சில நிமிடங்களில் காணாமல் போகும். மிஞ்சுவது உப்புப் புள்ளிகளும், ஏதோ செய்தோம் என்ற திருப்தியும்தான். அதே தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். செடிகளை நெருக்கி வைத்து, கீழே ஜல்லி பரப்பி நனைத்து வைத்தால் அவற்றைச் சுற்றி ஈரம் கொஞ்ச நேரமாவது நிற்கும்.

“காலையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்” என்பது இன்னொரு பிடிவாதம். இலை இரவெல்லாம் ஈரமாகவே கிடந்து அழுகும் இடங்களுக்கு அந்த விதி சரி. வறண்ட காற்றுள்ள இடத்தில், கோடையில், மாலைதான் நல்ல நேரம் என்பது என் கருத்து. வாண்டா, கேட்லியா போன்ற தடித்த இலை ஆர்க்கிட்கள் கள்ளிச்செடியைப் போல, பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் பெரும்பாலும் திறக்கின்றன. இரவும் சூடாக, வறண்டு இருந்தால் அவை சரியாகத் திறக்காமல் வளர்ச்சி நின்றுபோகும். பொழுது சாயும் நேரத்தில் வேரையும் தரையையும் நனைப்பது அதனால்தான் பலன் தருகிறது. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையின் நடுக்குருத்தில் மட்டும் நீர் தேங்க விடாதீர்கள், அழுகிவிடும்.

ஊற்றும் விதமும் முக்கியம். காய்ந்த வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். அதன் மேலுறை பஞ்சு மாதிரியானது. நீர் பட்டதும் பச்சையாக மாறும், ஆனால் ஒரே தடவையில் எல்லா இடமும் மாறாது, வெள்ளைத் திட்டுகள் அங்கங்கே மிஞ்சும். கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊற்றினால் அவையும் பச்சையாகும். அப்போதுதான் வேர் குடித்து முடித்தது என்று அர்த்தம். வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பின் முதல் தண்ணீர் வெந்நீர், அதைக் கீழே விட்டுவிடுங்கள்.

பெரிய மரப்பட்டைத் துண்டும் கரியும் மட்டும் நிரப்பிய தொட்டி, மழை ஊர்க்காரர்களுக்கு. இங்கே அது காலையில் நனைந்து மதியமே காய்ந்துவிடும். சிறிய துண்டுகளோடு கொஞ்சம் ஸ்பாக்னம் பாசியோ (நர்சரியில் கிடைக்கும் காய்ந்த பாசி) தேங்காய் மட்டைத் துண்டோ கலக்கலாம். மட்டையைச் சில தடவை ஊறவைத்து, நீரை மாற்றி, உப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நேர்வெயில் பட்டால் வேர் வெந்துவிடும். அதைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வைத்தால் போதும்.

இலை சுருங்கினால் உடனே தண்ணீரைக் கூட்டுகிறோம். வேர் அழுகினாலும் இலை அதே மாதிரிதான் சுருங்கும், ஏனென்றால் குடிக்க வேர் இல்லை. தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். வேர் கெட்டியாக இருந்தால் தாகம். அழுத்தினால் தோல் உரிந்து நார் மட்டும் மிஞ்சினால் அழுகல்.

செடி ஆடக் கூடாது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. புதுவேரின் பச்சை நுனி காற்றில் ஆடி மரப்பட்டையில் உரசினால் நசுங்கிக் கருகும், அந்த நுனி மேற்கொண்டு நீளாது. குச்சி நட்டு இறுக்கிக் கட்டுங்கள், தொட்டியையும் சேர்த்து.

உப்புத் தண்ணீர் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும், இலைநுனி கருகும். மாதம் ஒருமுறை நிறைய நல்ல நீர் ஊற்றி அலசி, உரத்தை ஈர வேருக்கு மட்டும், சொன்ன அளவில் பாதிக்கும் கீழே கொடுங்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல் மினுங்கினால் சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் அது மளமளவென்று பெருகும், நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மஸ்டெவாலியா, மில்டோனியாப்சிஸ் போன்ற குளிர்மலைச் செடிகளை வாங்கி மல்லுக்கட்டுவது வீண். கேட்லியா, பிராசவோலா நொடோசா, என்சைக்ளியா, குச்சி இலை வாண்டா இவை தாங்கும். அவற்றையும் நர்சரியிலிருந்து நேரே காற்றில் நிறுத்தாதீர்கள். ஈரமான கூடாரத்தில் வளர்ந்த இலை மென்மையானது. சில வாரங்கள் மூலையில் ஒதுக்கி, மெல்ல வெளியே நகர்த்துங்கள். கோடை நடுவில் வாங்கியது என்றால் சூடு இறங்கும்வரை தொட்டியும் மாற்ற வேண்டாம்.