மதுரைய பாக்கற ஆபரேட்டர் கோயம்புத்தூர் சுவிட்ச்ல கைவைக்காம தடுக்கறது எப்படி

முன்னாடி வேலை பாத்த இடத்துல நடந்தது இது. நைட் ஷிஃப்ட்ல இருந்த பையன் ஒரு டிரங்க் போர்ட்ல (பல வீலான ஒரே கேபிள்ல கொண்டு போற போர்ட்) வீலான் 120 (சுவிட்சுக்குள்ள பிரிச்சு வச்ச தனி நெட்வொர்க்) சேக்கணும், "சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலான்" வரைக்கும் சரியா அடிச்சிட்டு நடுவுல "ஆட்"ங்கற வார்த்தைய விட்டுட்டு 120னு போட்டு என்டர் தட்டிட்டான். ஆட் இல்லன்னா சிஸ்கோ சுவிட்ச் இருக்கறதோட சேத்துக்காது, இனிமே 120 மட்டும்தான்னு எடுத்துக்கும். பிராஞ்சுல போன், பில்லிங், கேமரா எல்லாம் படுத்துருச்சு. இதுல கொடுமை என்னன்னா அவன் மாத்த நினைச்சது மதுரை சுவிட்ச், லாகின் பண்ணியிருந்தது கோயம்புத்தூர்ல. எல்லாரும் அவன திட்டினாங்க. எனக்கு என்னமோ மதுரைய பாக்கறவனுக்கு கோயம்புத்தூர் கதவு ஏன் தொறந்து கெடந்துச்சுன்னுதான் தோணுச்சு.

சரி, அந்தக் கதவ பூட்டறது எப்படின்னு பாப்போம். நான் சொல்றது சிஸ்கோ ஐஎஸ்இ சர்வர் (யார உள்ள விடலாம், அவர் என்ன செய்யலாம்னு முடிவு பண்றது), சிஸ்கோ ரூட்டர், சுவிட்ச் வச்சு.

ஸ்டெப் 1: பேப்பர்ல போடுங்க

யாரு, எங்க, என்ன செய்யலாம். இந்த மூணையும் கலக்காதீங்க. புதுசா வர்றவங்க "மதுரை ஆபரேட்டர்", "மதுரை சீனியர்"னு ஒவ்வொண்ணுக்கும் தனி குரூப் போடுவாங்க, 10 ரீஜன் 3 ரோல்னா 30 குரூப் ஆயிடும், ஆறு மாசத்துல எது எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. ரீஜனுக்கு 10, ரோலுக்கு 3, மொத்தம் 13 போதும், ஒரு ஆள் ரெண்டுலயும் ஒவ்வொண்ணுல இருப்பார். ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ்ல ஆளுங்க லாகின், குரூப் எல்லாம் இருக்கற இடம்) இருந்தா அதுலயே வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: டாகாக்ஸ் பிளஸ்தான், ரேடியஸ் இல்ல

ரெண்டுமே ரூட்டரும் சர்வரும் லாகின் பத்தி பேசிக்கற முறை. ரேடியஸ்ல உள்ள விடறதும் என்ன உரிமைங்கறதும் ஒரே பதில்ல வந்துடும், அதுக்கப்புறம் அது கமாண்ட பாக்காது. டாகாக்ஸ் பிளஸ் டிசிபி 49ல ஓடும், ஆள் அடிக்கற ஒவ்வொரு கமாண்டுக்கும் "இத விடலாமா?"ன்னு ரூட்டர் சர்வர்கிட்ட கேக்கும். நமக்கு வேண்டியது அதுதான். ஐஎஸ்இ-ல டிவைஸ் அட்மின் சர்வீஸ ஆன் பண்ணணும், அதுக்கு தனி லைசென்ஸ் வேணும், மறந்துடாதீங்க.

ஸ்டெப் 3: டிவைஸுக்கு ஊர் சொல்லுங்க

நெட்வொர்க் டிவைஸ் குரூப்ஸ்ல "ஆல் லொகேஷன்ஸ்"னு ஒண்ணு ரெடியா இருக்கும். அதுக்கு கீழ தெற்கு, தெற்குக்கு கீழ மதுரை, கோயம்புத்தூர்னு மரம் மாதிரி போட்டு, டிவைஸ சேக்கும்போதே அதோட ஊர தேர்ந்தெடுங்க.

இங்கதான் நான் ஒரு நாள் முழுக்க மண்டைய ஒடச்சுக்கிட்டேன். வந்திருக்கற டிவைஸ் எதுன்னு சர்வர் கண்டுபிடிக்கறது சோர்ஸ் ஐபிய வச்சு. மெயின் லிங்க் போயி பேக்கப் லிங்க் வழியா ரூட்டர் பேசினா ஐபி மாறிடும், சர்வருக்கு அது யாருன்னே தெரியாது, லிங்க் டவுன் ஆன நேரத்துல உங்களால உள்ள போக முடியாது. அதனால ரூட்டர்ல டாகாக்ஸ் சோர்ஸ் இன்டர்ஃபேஸா லூப்பேக் 0வ (எந்த லிங்க் போனாலும் விழாத, ரூட்டருக்குள்ளயே இருக்கற இன்டர்ஃபேஸ்) குடுங்க, சர்வர்லயும் அதே ஐபிய போடுங்க.

ஸ்டெப் 4: கமாண்ட் செட்

எல்லாருக்கும் பிரிவிலேஜ் 15 (இருக்கறதுலயே பெரிய உரிமை) குடுத்துடுங்க, பயப்படாதீங்க. 7, 10னு லெவல் பிரிச்சு விளையாடினா ஷோ ரன் கூட அரைகுறையாதான் தெரியும். கட்டுப்பாட்ட கமாண்ட் செட்ல (எந்த கமாண்ட விடலாம், எத விடக்கூடாதுங்கற லிஸ்ட்) வைங்க. பாக்க மட்டும் செய்யறவங்களுக்கு ஷோ, பிங், டிரேஸ்ரூட், எக்ஸிட். ஆபரேட்டருக்கு இன்டர்ஃபேஸ் வேலை, அதோட டிரங்க் அலவ்ட் வீலான்ல ஆட், ரிமூவ் ரெண்டு மட்டும் பெர்மிட். நேரா நம்பர் அடிச்சா சர்வர் விடாது. புது டிரங்குக்கு முதல் தடவை லிஸ்ட் போட சீனியர கூப்பிடணும், கொஞ்சம் எரிச்சல்தான், இருக்கட்டும். ரீலோட், ரைட் இரேஸ், டிரிபிள் ஏ (லாகின், உரிமை, பதிவு மூணுக்குமான செட்டிங்), யூசர்நேம் இதெல்லாம் டினை ஆல்வேஸ்ல. சாதா டினை போட்டா, இன்னொரு செட் பெர்மிட் சொன்னா அது ஜெயிச்சிடும், டினை ஆல்வேஸ யாரும் ஜெயிக்க முடியாது.

"sh ru"ன்னு சுருக்கி அடிச்சு ஏமாத்தலாமான்னா முடியாது, ரூட்டர் அத முழுசா விரிச்சுதான் அனுப்பும்.

அப்புறம் ஊருக்கு ஒரு பாலிசி செட். கண்டிஷன்ல லொகேஷன் மதுரை, உள்ள மூணு ரோலுக்கு மூணு ரூல், ஒவ்வொரு ரூல்லயும் "மதுரை ரீஜன் குரூப்ல இருக்கணும்"னு சேருங்க. கடைசி டீஃபால்ட் ரூல் டினை.

ஸ்டெப் 5: ரூட்டர் பக்கம்

அவசரப்பட்டா வெளிய நிப்பீங்க. முதல்ல லோக்கல் யூசர் ஒண்ணு பிரிவிலேஜ் 15ல போடுங்க, ஏன்னா டிரிபிள் ஏ நியூ மாடல் அடிச்ச நிமிஷமே புதுசா வர்ற டெல்நெட், எஸ்எஸ்எச் எல்லாம் லோக்கல் யூசர கேக்க ஆரம்பிச்சிடும். இருக்கற செஷன மூடாதீங்க. "ரீலோட் இன் 10" போட்டுட்டு ஆரம்பிங்க, சேவ் பண்ணாதீங்க, மாட்டிக்கிட்டா பத்து நிமிஷத்துல பழைய கான்ஃபிகோட எழுந்துக்கும், எல்லாம் சரியா வந்தா ரீலோட் கேன்சல்.

லாகின், எக்ஸெக் ஆத்தரைசேஷன் (உள்ள விடலாமா, எந்த பிரிவிலேஜ்ல), கமாண்ட் ஆத்தரைசேஷன் மூணுலயும் குரூப் டாகாக்ஸ் முதல்ல, லோக்கல் ரெண்டாவது. கான்ஃபிக் மோட்ல அடிக்கற கமாண்டையும் சர்வர்கிட்ட கேக்கறதுக்கு கான்ஃபிக் கமாண்ட்ஸ் வரியையும் போடுங்க. சர்வர் "கூடாது"ன்னு சொன்னா லோக்கலுக்கு போகாது, சர்வர் பதிலே சொல்லலன்னாதான் போகும். நிறைய பேரு இத தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. அக்கவுன்டிங்கும் போட்டுடுங்க, யாரு எத்தன மணிக்கு என்ன அடிச்சாங்கன்னு தெரியும்.

ஸ்டெப் 6: உடைச்சுப் பாருங்க

மதுரை ஐடில கோயம்புத்தூர் சுவிட்சுக்கு போங்க, உள்ள விடவே கூடாது. மதுரை சுவிட்ச்ல ஆட் இல்லாம வீலான் அடிங்க, "கமாண்ட் ஆத்தரைசேஷன் ஃபெயில்ட்"னு வரணும். டாகாக்ஸ் லைவ் லாக்ஸ்ல எந்த ரூல்ல விழுந்துச்சுன்னு தெரியும். அப்புறம் ஃபயர்வால்ல 49 போர்ட்ட அடைச்சிட்டு லோக்கல் யூசர்ல போக முடியுதான்னு பாருங்க, இத யாரும் டெஸ்ட் பண்றதில்ல.

நைட் ஷிஃப்டுக்கு?

ராத்திரி ஒரே ஆள் மூணு ஊர பாப்பார். அதுக்காக நிரந்தரமா மூணு குரூப்லயும் சேத்துடாதீங்க, பழைய கதைதான் திரும்பும். நைட் டீமுக்குன்னு ஒரு குரூப், ரூல்ல டைம் கண்டிஷன் ராத்திரி 10லேருந்து காலைல 6 வரைக்கும். திடீர்னு ஒருத்தருக்கு வேணும்னா, விண்டோஸ் சர்வர் 2016 லெவல் ஆக்டிவ் டைரக்டரில நாலு மணி நேரத்துக்கு மட்டும் குரூப்ல சேக்க வழி இருக்கு, நேரம் முடிஞ்சா அதுவே எடுத்துடும்.

அந்த லோக்கல் யூசர் பாஸ்வேர்ட மட்டும் வாட்ஸாப் குரூப்ல போட்டுடாதீங்க. கவர்ல ஒட்டி லாக்கர்ல வைங்க, ஒரு தடவை பிரிச்சா மறுநாளே மாத்திடுங்க.