லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: டிபி ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவில் வந்திருந்தால், கிளம்பும் முன்னாலேயே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து டிபி சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். சரி, அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கும்போது, ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், பதிவு செய்த கொஞ்ச நாளில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி இன்னொரு கடிதம் வரலாம். 16 முதல் 35 வயதுக்குள் இருந்து, டிபி அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்து ஐந்து வருடம் ஆகாதவர்களை இங்கிலாந்தின் பல பகுதிகளில் இப்படிக் கூப்பிடுகிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் உண்டு. கடிதம் வந்தால் பயப்படாமல் போய் வாருங்கள், காசு கிடையாது, விசாவுக்கும் இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

அந்தப் பரிசோதனைக்கு இக்ரா என்று பெயர். குவான்டிஃபெரான் வகை என்றால் சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா மூடி போட்ட நான்கு சின்னக் குழாய்களில் தலா ஒரு மில்லி ரத்தம் எடுப்பார்கள், எடுத்ததும் நர்ஸ் ஒவ்வொன்றையும் பத்து தடவை குலுக்குவார். பச்சையிலும் மஞ்சளிலும் டிபி கிருமியின் புரதத் துணுக்குகள் தடவியிருக்கும். உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் ரத்தத்திலுள்ள டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்கள் அடையாளம் கண்டுகொண்டு காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கும், அதைத்தான் அளக்கிறார்கள். சின்ன வயதில் கையில் போட்ட பிசிஜி ஊசிக் கிருமியில் அந்தப் புரதங்கள் இல்லை, அதனால் தோளில் தழும்பு இருப்பதால் மட்டும் பாசிட்டிவ் வராது. தோலில் போட்டுத் தடிப்பைப் பார்க்கும் பழைய மான்டூ ஊசியில் அந்தக் குழப்பம் உண்டு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இந்த ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை, உடம்பின் ஞாபகத்தைத்தான் பார்க்கிறது. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாலும் பாசிட்டிவ்தான், நோயாக எழுந்து நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தாலும் பாசிட்டிவ்தான், எப்போதோ சிகிச்சை எடுத்துக் குணமானவருக்கும் பாசிட்டிவ் வரலாம். தூங்கும் கிருமி உள்ளவரிடமிருந்து அடுத்தவருக்கு எதுவும் ஒட்டாது. ஆகவே பாசிட்டிவ் என்று தாள் வந்ததும் அறைத்தோழர்களிடம் மறைக்கவோ, வேலையை விடவோ வேண்டியதில்லை. எக்ஸ்ரே எடுத்து, அறிகுறி கேட்டு, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு பெரும்பாலும் மூன்று மாதமோ ஆறு மாதமோ தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை நெகட்டிவ் வந்தவர்களைப் பற்றித்தான். என் மச்சானுக்கு இங்கே வந்த ஆறாவது மாதம் கழுத்தின் வலது பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. இருமல் இல்லை, வலியும் இல்லை. சாயங்காலமானால் லேசாக உடம்பு காயும், விடியற்காலையில் தலையணை உறை நனைந்திருக்கும், பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. இக்ரா நெகட்டிவ் வந்ததும் பார்த்த டாக்டர் டிபி இல்லை என்று அனுப்பிவிட்டார், நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தை வீணாக்கினோம். அப்புறம் வேறொரு டாக்டர் கட்டியில் ஊசியால் குத்தி எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பிய பிறகுதான் டிபி என்று தெரிந்தது. ஊரில் பெரியவர்கள் கண்டமாலை என்பார்களே, அதேதான். இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், நிஜமாகவே டிபி இருந்தவர்களில் குவான்டிஃபெரானின் அப்போதைய வகை சுமார் 67 சதவீதம் பேரையும், இக்ராவின் இன்னொரு வகையான டி-ஸ்பாட் சுமார் 81 சதவீதம் பேரையும்தான் பிடித்தது. நோய் முற்றும்போதும், ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போதும் டி செல்கள் சோர்ந்துபோகும், பரிசோதனையும் தவறவிடும்.

அதனால் மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இறக்கம், கரையாத கட்டி இவற்றில் எது இருந்தாலும் ஜிபியிடம் "டிபி உள்ள நாட்டிலிருந்து வந்திருக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இங்கே பலருக்கு அந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராது. எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். சளி மூன்று தடவை கேட்பார்கள், ஒன்றாவது காலையில் எழுந்தவுடன் எடுத்ததாக இருக்க வேண்டும், எச்சில் கூடாது, ஆழ மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். பிசிஆர் முடிவு சீக்கிரம் வந்துவிடும், கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். மொழி தடுத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

ஊருக்குப் போகும்போது ஏதாவது லேபில் "டிபி ஆன்டிபாடி டெஸ்ட்" எடுத்து வருகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அது இக்ரா இல்லை, வேறு. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அதை நம்பக் கூடாது என்று சொன்னது, 2012இல் இந்திய அரசு தடையே போட்டது.

நோய் உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நான்கு வகை, பிறகு இரண்டு வகை. விசா எதுவானாலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். டிபி பாத்திரத்தால் பரவாது, காற்றால்தான் பரவும். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் தங்கினால் கிடைக்கும் அதே பலன் என்றும், அதனால் குடும்பத்துக்கு ஆபத்து கூடவில்லை என்றும் காட்டியது 1950களில் நம் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான். நுரையீரல் டிபியிலும், சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால், ஒழுங்காக மாத்திரை எடுத்து இரண்டு வாரம் ஆனாலே பொதுவாகப் பரவுவது நின்றுவிடும்.

டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் எடுக்கும்போது சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், ரத்தம் என்று பதறி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்தடை மாத்திரை அதனால் வேலை செய்யாமல் போகும், எடுப்பவர்கள் டிபி நர்ஸிடம் முதல் நாளே சொல்லுங்கள். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ மட்டும் காத்திருக்காமல் அன்றே அவருக்குப் போன் செய்யுங்கள்.