ஓதப்பூட்டுக் கோள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடை விடுமுறையில் காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் மடிக்கணினிகளோடு வந்தமர்ந்த கல்லூரி மாணவர்கள் நால்வர், ஒரு பக்கம் என்றும் பகலாகவும் மறுபக்கம் என்றும் இரவாகவும் இருக்கும் ஓதப்பூட்டுக் கோளொன்றைத் தங்கள் விண்வெளி விளையாட்டுக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே குழியில் அவர்களும் வரிசையாக இறங்கியதைக் கண்டபின் இதை எழுதுகிறேன்.

சுழற்சிக்கு 0

‘டைடல் லாக்’ எனப்படும் ஓதப்பூட்டு என்றதும் எல்லாருடைய விரலும் சுழற்சி வேகத்துக்கு 0 என்று தட்டிவிடுகிறது. பூட்டப்பட்ட கோள் விண்மீனை ஒருமுறை சுற்றுவதற்குள் தன்னைத்தானேயும் சரியாக ஒருமுறை சுழல்கிறது. நம் நிலவு இவ்விரண்டையும் சுமார் 27.3 நாட்களில் முடிக்கிறது. ஐயமுள்ளவர்கள் சிவன் கோவிலில் நவக்கிரகங்களை வலம் வந்து பார்க்கலாம். நடுவிலுள்ள சூரியனுக்கு வலத்தோளைக் காட்டியே நடந்தாலும், சுற்று முடிவதற்குள் நம் முகம் நான்கு திசைகளையும் பார்த்துவிடுகிறது. முகத்தைக் கிழக்கிலிருந்து திருப்பாமலே சுற்றினால் (குருக்கள் முறைப்பார் என்பது வேறு) சூரியன் வலப்பக்கம், முதுகு, இடப்பக்கம், முன்புறம் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார். 0 போட்ட கோளின் வானத்தில் நடப்பது அதுவே.

என் முதல் கோளின் சுற்றுக்காலம் 11 நாட்கள். இருள்பக்கத்துக்குப் பனியும் ஒளிப்பக்கத்துக்குப் பாலையும் தீட்டி, பகலும் இரவும் சந்திக்கும் அந்திக்கோட்டில் ஒரு குடியிருப்பும் கட்டினேன். சோதித்தவர்கள் எவரும் அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காததால் குறை வெளியே தெரியவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “அண்ணே, பனி மேல வெயில் சுள்ளுன்னு அடிக்குது, உருகவே மாட்டேங்குதே?”

அப்போதாவது எண்ணைத் திருத்தியிருக்கலாம். நானோ ஒளிமூலத்தை நிலத்தோடு கட்டிவைத்தேன். தரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. விண்கலத்திலிருந்து பார்த்தாலோ பகல்பக்கம் விண்மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பாதைகள், நிழல்கள், சேமித்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட மூன்று மாதங்கள் போயின. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சுழற்சிக்காலத்தைத் தனியே தட்டாமல் சுற்றுக்காலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு எழுதுங்கள்; ஒன்றில் 11.2, மற்றொன்றில் 11 என்றிருந்தாலும் பகல் மெல்ல நழுவிவிடும். மற்ற விண்மீன்கள் வானில் சுற்றிவர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அசையாமல் நிற்பது தாய் விண்மீன் மட்டுமே.

அதுவும் முற்றிலும் அசையாததன்று

பாதை சற்றே நீள்வட்டமாக இருந்தால் கோளின் சுற்றுவேகம் கூடிக் குறையும், சுழற்சியோ சீராக இருக்கும். அதனால் விண்மீன் இப்படியும் அப்படியும் ஊசலாடும். நிலவின் பரப்பில் 59 விழுக்காட்டை நாம் பார்க்க முடிவதற்கு இந்த ஊசலும் நிலவின் அச்சுச் சாய்வுமே முக்கியக் காரணங்கள். அந்திக்கோட்டில் விண்மீன் எட்டிப்பார்த்து மறையும் அந்த ஒடுங்கிய பட்டையைவிட விளையாடுவதற்குச் சுவையான இடம் அக்கோளில் வேறில்லை.

அருகில் இருந்தாலே பூட்டு

இல்லை. பூட்டப்பட்டதென்று நம்பப்பட்ட புதன், இரண்டு சுற்றுக்கு மூன்று முறை சுழல்வது 1965இல் ரேடார் ஆய்வுக்குப் பின் தெரியவந்தது.

ரத்தச் சிவப்பு வெயில்

‘சிவப்புக் குள்ளன்’ என்ற விண்மீன் வகையின் பெயரைக் கேட்டு அப்படித் தீட்ட வேண்டாம். அவ்வகை விண்மீனான ப்ராக்சிமா செண்டாரியின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3000 கெல்வின். எங்கள் வளவில் இன்னும் எரியும் பழைய குண்டு பல்பின் நிறத்துக்கு அருகில் வைத்தால் போதும்.