வினையூக்கி ஆய்விதழ்களைப் படித்துத் தலைப்புத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதகை, குன்னூர், கொடைக்கானல் ஆகிய ஊர்களில் வேதியியல் ஆய்வில் நுழையும் மாணவர் பலர், வினையூக்கித் துறையின் ஆய்விதழ்களைப் புரட்டி, அண்மையில் எந்தப் பொருளில் கட்டுரைகள் மிகுதியாக வருகின்றன என்று பார்த்து, அதை ஒட்டியே தமக்கொரு தலைப்பைத் தேர்ந்துகொள்கிறார்கள். இந்த வழக்கத்தில் பிழையில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பித் தலைப்பைப் பிடிப்பதும், அந்தத் தலைப்பில் மற்றவர்கள் ஏற்கெனவே சுட்டிக்காட்டிய குறைகளைப் படிக்காமல் விடுவதும் சில ஆண்டுகளின் உழைப்பை வீணாக்கிவிடும். எந்தப் பொருள் இப்போது பேசப்படுகிறது என்பதைவிட, ஒரு முடிவை ஏற்றுக்கொள்வதற்கு நல்ல இதழ்கள் என்ன சான்று கேட்கின்றன என்பதையே மாணவர்கள் முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கிடும் முறையிலேயே தவறுகள் தொடங்குகின்றன. ஸ்கோபஸ் போன்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில், ஒளியின் துணையால் வினையூக்கி செயல்படும் ஒளிவினையூக்கத்துக்குரிய திறவுச்சொல்லை இட்டு, ஆண்டுவாரியாகக் கட்டுரைகளை எண்ணி, கோடு மேலேறுவதால் துறை வளர்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். வேதியியலில் வெளியாகும் மொத்தக் கட்டுரைகளே பெருகி வருவதால், அந்த மொத்தத்தில் இந்தப் பொருளின் பங்கு என்ன என்றுதான் பார்க்க வேண்டும். ஒரே பொருளைக் குறிக்கும் வெவ்வேறு திறவுச்சொற்களையும் எழுத்து வேறுபாடுகளையும் ஒன்றுசேர்க்காவிட்டால் அந்தப் பங்கும் பிழையாகவே வரும். ஓர் இதழை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அதன் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். 1981-ல் தொடங்கிய ‘அப்ளைடு கேட்டலிசிஸ்’ பின்னர் ‘ஏ’, ‘பி’ என இரண்டாகப் பிரிந்தது. 1992 முதல் சுற்றுச்சூழல் சார்ந்த கட்டுரைகளுக்கென ‘பி’ பிரிவு தனியாக வெளிவருகிறது. ஆகவே ‘ஏ’ பிரிவில் அத்தகைய கட்டுரைகள் குறைவாக இருப்பதைக் கொண்டு ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்ல இயலாது. ‘கேட்டலிசிஸ் டுடே’ பெரும்பாலும் சிறப்பிதழ்களாக வருவதால், அதில் ஒரு பொருள் திடீரென உயர்வதற்கு ஒரு கருத்தரங்கே காரணமாக இருக்கக்கூடும்.

இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரமாகக் கொள்வதும் பரவலான தவறு. அந்த எண், ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு நடப்பாண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி மட்டுமே. சில கட்டுரைகள் பெறும் மிகுதியான மேற்கோள்கள் அந்தச் சராசரியை உயர்த்திவிடும். மீள்பார்வைக் கட்டுரைகள் அதை மேலும் உயர்த்தும். தனி ஆய்வாளரை அளக்க இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதையே 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் வலியுறுத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த தனது கேர் பட்டியலை 2025-ல் கைவிட்ட பிறகு, பணம் பெற்றுக்கொண்டு முறையான மதிப்பாய்வின்றி வெளியிடும் இதழ்களை இனங்காணும் பொறுப்பு நெறியாளரிடமும் மாணவரிடமும் முன்னைவிடக் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஏற்பதாக உறுதியளிக்கும் இதழைத் தவிர்த்துவிடுவது நல்லது.

மலைப்பகுதியில் மிக எளிதாகக் கைக்கு வரும் தலைப்பு, தைலமர இலை, தேயிலை, உண்ணிச்செடி ஆகியவற்றின் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு அல்லது வெள்ளி நானோதுகள்களைத் தயாரித்து, மெத்திலீன் நீலச் சாயத்தின் நிறத்தை நீக்கிக் காட்டுவதாகும். இலையை மட்டும் மாற்றிவிட்டுப் புதிய ஆய்வு என்று எழுதினால், அதில் வேதியியல் கேள்வி எதுவும் இருப்பதில்லை. சாற்றின் எந்தக் கூறு உலோக அயனியை ஒடுக்குகிறது, துகளின் பரப்பில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது வினையைத் தடுக்கிறதா என்பவற்றைக் கேட்டால்தான் இலைக்கு அங்கே வேலை உண்டு. தைலத்தின் முதன்மைக் கூறான சினியோலை வினையூக்கியின் மேல் பாரா-சைமீனாக மாற்றும் வினை, இந்த மரத்தைக் கொண்டு எழுப்பக்கூடிய இன்னும் வலுவான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

சாயத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மெத்திலீன் நீலம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தானே உறிஞ்சுவதால், வினையூக்கி ஒளியை உறிஞ்சாத நிலையிலும் நிறம் மங்கலாம். துகளின் பரப்பில் படிந்தும் மங்கலாம். சாயம் சிதையாமல், ஒடுக்கமடைந்து நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கவும் கூடும். வினையூக்கியின்றி ஒளியில் ஒரு சோதனை, ஒளியின்றி வினையூக்கியுடன் ஒரு சோதனை, கரைசலில் எஞ்சிய மொத்தக் கரிமக் கார்பன் அளவீடு ஆகிய மூன்றும் இல்லாமல் ‘சிதைந்தது’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

வினையூக்கிகளை ஒப்பிடும்போது, இரண்டிலும் வினைபடுபொருள் ஏறக்குறைய நூறு விழுக்காடு மாற்றத்தை அடைந்த நிலையில் ஒப்பிடுவது அடிக்கடி காணப்படும் பிழை. அந்நிலையில் வேகம் குறைந்தவற்றையும் கூடியவற்றையும் பிரித்தறிய வழியில்லை. வினையூக்கியின் செயல்திறன் பாதியாகக் குறைந்தாலும், தேவைக்கு மேல் அது இருப்பதால், அதையே மீண்டும் பயன்படுத்தும் ஐந்தாம் சுழற்சியிலும் மாற்றம் அப்படியே இருப்பதுபோல் தெரியும். நிலைத்தன்மையைக் குறைந்த மாற்றத்திலும், வேண்டிய விளைபொருளையே தரும் தேர்திறனைச் சமமான மாற்றத்திலும் அளக்க வேண்டும். உலோகம் தனித்தனி அணுக்களாகப் பரவியிருக்கும் தனி அணு வினையூக்கிகள் 2011-க்குப் பிறகு பெரும் ஈர்ப்பைப் பெற்றுள்ளன. ஒரேயொரு மின்னணு நுண்ணோக்கிப் படத்தை வைத்து உலோகம் முழுவதும் தனித்தனி அணுக்களாக இருப்பதாகக் கூறுவது அந்தப் பொருளில் நிகழும் தவறு. இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியில், அணுவைச் சுற்றியுள்ள அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீட்டுக்குக் கல்லூரி ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியாமலே விட்டுவிடுகிறார்கள்.

மின்வாயில் நிகழும் வினைகளைத் தூண்டும் மின்வினையூக்கத்தில் மாசு பெரிய பகை. பிளாட்டினம் இல்லாத வினையூக்கியை அமிலத்தில் சோதிக்கும்போது மின்சுற்றை நிறைவுசெய்யும் துணை மின்வாயாகப் பிளாட்டினத்தைப் பயன்படுத்தினால், அது கரைந்து வந்து ஆய்வுக்குரிய பரப்பில் படிந்து, இல்லாத திறனைக் காட்டும். அங்கே கார்பன் தண்டைப் பயன்படுத்தலாம். காரக் கரைசலில் இருக்கும் நுண்ணளவு இரும்பே நிக்கல் ஆக்சைடின் ஆக்சிஜன் வெளியேற்றத் திறனைப் பெரிதும் உயர்த்திவிடுகிறது. நைட்ரஜனை மின்வழியில் அமோனியாவாக மாற்றும் ஆய்வுகளில் கிடைத்த அமோனியா காற்றிலிருந்தோ கையுறையிலிருந்தோ வாயுவில் கலந்த நைட்ரஜன் சேர்மங்களிலிருந்தோ வந்திருக்கலாம் என்பதால், நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்டும் ஆர்கானைக் கொண்டும் கட்டுப்பாட்டுச் சோதனைகள் செய்ய வேண்டும் என்ற நெறிமுறை 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அதைப் படிக்காமல் இப்பொருளில் இறங்கக் கூடாது.

மலையில் வேலை செய்பவர்களுக்கே உரிய தவறு ஒன்றுண்டு. அதை யாரும் வலியுறுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். நீர் 92 முதல் 93 டிகிரியில் கொதித்துவிடும். ‘வளிமண்டல அழுத்தத்தில், கொதிநிலையில் சூடாக்கினோம்’ என்ற வாக்கியத்தை அப்படியே எழுதினால், சென்னையில் அதே வினையைச் செய்பவர் ஏழெட்டு டிகிரி கூடுதலான வெப்பநிலையில் செய்திருப்பார். சோடியம் போரோஹைட்ரைடிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜனை நீரை இடம்பெயர்த்து அளப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையானது: 25 டிகிரியில் ஒரு மோல் வாயு கடல்மட்டத்தில் 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும், உதகையில் ஏறக்குறைய 32 லிட்டர். பாடநூலில் உள்ள எண்ணால் வகுத்தால் கிடைக்கும் வேகம் உண்மையைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதலாக வரும். வாயுவோடு கலந்திருக்கும் நீராவியின் அழுத்தத்தையும் கழித்தாக வேண்டும்.

‘அறை வெப்பநிலை’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. ஊட்டியின் ஆய்வகம் 15 டிகிரியில் இருக்கும்போது, சமவெளி ஆய்வகம் 30 டிகிரியில் இருக்கலாம். வினை நிகழக் கடக்க வேண்டிய கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்றால், இந்த வேறுபாடு மட்டுமே வேகத்தை ஏறக்குறைய 2.8 மடங்கு மாற்றும். பிறருடைய அட்டவணையில் உங்கள் வினையூக்கி கடைசியில் நிற்பதற்கு அந்த 15 டிகிரியே காரணமாகலாம். ஆகவே நீர்த்தொட்டியில் வெப்பநிலையை நிலையாக வைத்து, அதை எண்ணாகவே எழுத வேண்டும்; காற்றழுத்தத்தை அன்றன்றே பாரமானியில் பார்த்துக் குறிப்பேட்டில் பதிந்து, செய்முறைப் பகுதியில் தர வேண்டும். மூடுபனி நகரும் நாளில் வெயிலின் செறிவு சில நிமிடங்களிலேயே மாறிவிடுவதால், சூரிய ஒளியில் ஒளிவினையூக்கச் சோதனை செய்பவர்கள் கதிர்வீச்சுமானியைப் பக்கத்திலேயே வைத்துத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும்; அது இயலாதபோது அளவறிந்த விளக்கொளிக்கு மாறிக்கொள்ள வேண்டும்.