இழுவலை மடியில வந்த சங்கு புது இனமா? கண்டுபிடிச்சுப் பேரு வைக்கிறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், உங்க கையில இருக்கிற ஆழ்கடல் சங்கு பெரும்பாலும் புது இனமா இருக்காது. "எதுலயும் இல்ல, புதுசேதான்"னு நான் குதிச்சது எல்லாம் அநேகமா நூறு வருஷம் முன்னாடியே யாரோ பேரு வெச்சுட்டுப் போனதுதான். அதனால புதுசுன்னு காட்டுறதுதான் வேலைன்னு நெனைக்காதீங்க, பழைய பேரு ஒவ்வொண்ணா எடுத்து இது இல்ல, இதுவும் இல்லன்னு கழிச்சுக்கிட்டே போகணும், கழிக்க ஒண்ணும் மிச்சம் இல்லன்னாதான் பேரு வைக்கிற பேச்சே.

ஸ்டெப் 1: எங்க கிடைச்சது?

ஆழ்கடல் இறாலுக்குப் போற விசைப்படகு மடியில 200, 300 மீட்டர் ஆழத்துச் சங்கெல்லாம் கழிசலோட கழிசலா வரும், நமக்கு அதுதான் ஈஸியான வழி. படகுல இருக்கிறவங்ககிட்ட ஆழத்த மீட்டர்ல கேக்காதீங்க. "அண்ணே, எத்தன பாகத்துல மடி விட்டீங்க?"ன்னு கேளுங்க, டக்குன்னு பதில் வரும். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர், அப்ப 150 பாகம்னா 270 மீட்டர் சொச்சம். மடிய மணிக்கணக்கா இழுக்கிறதால ஒரே ஆழம்னு எழுத முடியாது, இதுலேருந்து இதுவரைன்னு எழுதுங்க. ஜிபிஎஸ் பாயிண்ட்ட லேசுல சொல்ல மாட்டாங்க, அது அவங்க பொழப்பு, சங்குக்குத்தான் கேக்குறோம்னு புரிஞ்சா சில பேர் சொல்லுவாங்க.

எல்லாத்தையும் கெட்டிப் பேப்பர்ல பென்சில்ல எழுதி பாட்டிலுக்கு உள்ளயே போடுங்க. பென்சில்னா பென்சில்தான். நான் ஒருவாட்டி அழகா ஜெல் பேனால பன்னெண்டு லேபிள் எழுதிப் போட்டேன், ரெண்டு வாரம் கழிச்சுத் தொறந்தா ஆல்கஹால் லேசா நீலமா இருக்கு, பேப்பர் பன்னெண்டும் வெள்ளையா இருக்கு. இடம் தெரியாத சங்கு ஷோகேஸுக்குத்தான் ஆகும்.

உள்ள நத்தை இல்லாம துறவி நண்டு இருந்தா ஜாக்கிரதை, அந்த ஓட்ட நண்டு எங்கேருந்து தூக்கிட்டு வந்துச்சோ.

ஸ்டெப் 2: கெடாம வைக்கிறது

ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏவும் போகும், அமிலமா மாறி ஓட்டையும் அரிச்சிடும். 95 சதவீத எத்தனால் போதும். ஆனா நத்தை மூடிய இழுத்துச் சாத்திக்கிட்டா ஆல்கஹால் உள்ளயே போகாது, வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள அழுகிக்கிட்டு இருக்கும். அதுக்கு சில பேர் ஓட்டுல சின்ன ஓட்டை போடுவாங்க, சில பேர் மைக்ரோவேவ்ல சில நொடி வெச்சு உடம்ப முழுசா உருவிடுவாங்க (வீட்டுச் சமையல் மைக்ரோவேவ்ல பண்ணாதீங்க, நாத்தம் போகாது).

ஸ்டெப் 3: ஓட்டப் படிக்கிறது

நுனி மேல, வாய் உங்களப் பாத்து இருக்கிற மாதிரி வெச்சு அளவுகோலோட போட்டோ, அப்புறம் முதுகுப் பக்கம், சைடு. வெர்னியர்ல உயரம், அகலம், வாயோட உயரம், எத்தன சுத்து. இங்க நம்மாளுங்க வழுக்குற எடம் ஒண்ணு இருக்கு. இப்படி வெக்கிறப்ப வாய் வலது பக்கம் வந்தா விலங்கியல்ல அது வலது சுழி, சாதாரண சங்கு எல்லாம் அப்படித்தான். நாம வலம்புரின்னு பூஜைல வைக்கிறது அவங்க கணக்குல இடது சுழி, ஏன்னா நாம சங்கத் தலைகீழாப் பிடிச்சுப் பாக்குறோம். அதனால "வலம்புரி"ய அப்படியே மொழிபெயர்த்து எழுதினா மொத்தமும் தப்பாயிடும். இன்னொண்ணு, வலம்புரி எவ்வளவு அபூர்வமா இருந்தாலும் அது தனி இனம் கிடையாது, அதே சங்குல எப்பவாவது பொறக்குற மாறுபாடு. ஒரே ஒரு வித்தியாசமான ஓடு கிடைச்சா இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

நிறத்தையும் நம்பாதீங்க. இந்தியப் பெருங்கடல்ல வெந்நீர் ஊற்றுங்க பக்கத்துல 2,400 மீட்டருக்கும் கீழ வாழுற செதில்கால் நத்தையத்தான் நான் எப்பவும் சொல்லுவேன். 2001ல கைரேய்ங்கிற ஊற்றுல கண்டுபிடிச்சாங்க, கால் முழுக்க இரும்பு சல்ஃபைடு படிஞ்ச கருப்புச் செதில். அப்புறம் சாலிடேர்ங்கிற ஊற்றுல கிடைச்சது இரும்பே இல்லாம வெள்ளையா இருந்துச்சு, பாத்தா யாரும் ரெண்டு இனம்னுதான் சொல்லுவாங்க, ஆனா ரெண்டும் ஒண்ணுதான்.

நுனியில இருக்கிற குட்டிச் சுத்துங்கதான் குஞ்சா இருந்தப்ப இருந்த ஓடு, பேரு புரோட்டோகாங்க். சின்னச் சின்னதா நெறைய சுத்து இருந்தா குஞ்சு கடல்ல மிதந்து தின்னு வளந்திருக்கு, உருண்டையா ஒண்ணு ஒன்றரை சுத்துதான்னா அப்படி மிதந்து திங்கல. பக்கத்துப் பக்கத்து இனங்களப் பிரிக்க இது ரொம்ப உதவும், ஆனா ஆழ்கடல் ஓட்டுல பாதிக்கு நுனியே அரிச்சுப் போயிருக்கும், அதனாலதான் அஞ்சாறு ஓடாவது வேணும்.

ஸ்டெப் 4: பல்லு

நத்தையோட வாய்ப் பகுதிய வெட்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊற வெச்சா சதை கரைஞ்சு ரேடுலாங்கிற பல்லு நாடா மட்டும் நிக்கும். பாக்க கண்ணாடித் துண்டுல ஒட்டுன ஒரு முடி மாதிரி இருக்கும், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வெச்சா ஜிப் மாதிரி வரிசை வரிசையாப் பல்லு. கையுறை போட்டுக்கோங்க, ஊதிடாதீங்க, நான் தும்மி ஒண்ணத் தொலைச்சிருக்கேன்.

ஸ்டெப் 5: டிஎன்ஏ

இனம் பிரிக்க வழக்கமாப் பாக்குற சிஓஐங்கிற ஜீன்ல சுமார் 658 டிஎன்ஏ எழுத்தப் படிச்சு, அத ஜென்பேங்க்ங்கிற பொது டிஎன்ஏ தொகுப்புல போட்டுப் பாப்பாங்க. மேட்ச் வரலன்னா உடனே ஸ்வீட் வாங்கிடாதீங்க, பேரு இருந்தும் டிஎன்ஏ எடுக்காத இனம் ஏராளம். அதே நேரம் இது இல்லாமலும் முடியாது, ஆல்வினிகாங்கான்னு ஒரு வெந்நீர் ஊற்று நத்தைக் கூட்டம், ஓட்ட வெச்சுப் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம், 2014ல டிஎன்ஏவ வெச்சுத்தான் பல இனமாப் பிரிச்சாங்க.

ஸ்டெப் 6: பழைய புத்தகம்

உண்மையான கழிக்கிற வேலை இதுதான், மாசக்கணக்குல ஆகும். மொலஸ்காபேஸ்னு சங்கு, நத்தை பேருக்கெல்லாம் ஒரு ஆன்லைன் பட்டியல் இருக்கு, அதுல அந்தப் பேரினத்துல இருக்கிற எல்லாப் பேரையும், செல்லாத பேரு உட்பட, எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் மொதல்ல வந்த விவரிப்பப் படிங்க, பல்லுயிர் பாரம்பரிய நூலக சைட்ல பழசு நெறைய ஃப்ரீயாவே இருக்கு. நம்ம கடலுக்கு 1890கள்ல இன்வெஸ்டிகேட்டர் கப்பல் எடுத்ததும், 1898-99ல வந்த ஜெர்மன்காரங்களோட வால்டிவியா கப்பல் எடுத்ததும் கட்டாயம் பாக்கணும். படம் தெளிவா இல்லன்னா மியூசியத்துக்கு மெயில் போட்டு டைப் ஓட்டோட (அந்தப் பேரு வைக்க ஆதாரமா வெச்ச ஓடு) போட்டோ கேளுங்க, பெரும்பாலும் அனுப்புவாங்க.

ஸ்டெப் 7: எழுதுறது

எல்லாம் கழிஞ்சுதா? சரி. ஒரு ஓட்ட ஹோலோடைப்னு (இந்தப் பேருக்கு இதுதான் அடையாள மாதிரின்னு) குறிக்கணும், எந்த மியூசியத்துல வைக்கிறீங்கன்னு எழுதணும், புது இனம்னு வெளிப்படையாச் சொல்லணும், மத்த இனங்கள்லேருந்து எதுல வேறன்னு எழுதணும். ஆன்லைன்ல மட்டும் வர்ற ஜர்னல்னா 2012லேருந்து ஜூபேங்க்ங்கிற விலங்குப் பேர் பதிவேட்டுல பதிவு பண்ணியே ஆகணும். இந்தியாவுல 2002 பல்லுயிர்ச் சட்டப்படி மாதிரிய அரசு குறிச்ச களஞ்சியத்துல குடுக்கணும். உங்க பேரையே வைக்காதீங்க, பேரு வைக்கிற விதியில தடை இல்ல, ஆனா ஊரு சிரிக்கும். நீங்க வைக்கப் போற பேர ஆய்வுப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடி ஃபேஸ்புக்ல போடாதீங்க, செதில்கால் நத்தை பேரு முறையான விவரிப்பு இல்லாமயே பல வருஷம் புழங்கி, 2015லதான் ஒழுங்கா வெளிவந்துச்சு.

என் அலமாரியில "டர்ரிட் 3"ன்னு (டர்ரிட்ங்கிறது ஒரு கடல் நத்தைக் கூட்டம்) பென்சில்ல எழுதின ஒரு பாட்டில் நாலு வருஷமா இருக்கு. வால்டிவியா ஓடுகளப் பத்தி 1904ல ஜெர்மன்ல வந்த புத்தகத்துல ஒரு மங்கலான படம், அத இன்னும் கழிக்க முடியல.