தடித்த வயர் பிரேக்கருக்குள் நுழையவில்லையா?

எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் பிரேக்கர்) டெர்மினலில், அதாவது வயரைச் செருகி முறுக்கும் துளையில், வயர் நுழையாவிட்டால் இழைகளை நறுக்கி ஒல்லியாக்காதீர்கள். வயர் அளவுக்கேற்ற பின் டைப் லக் (ஒரு பக்கம் குழல், மறுபக்கம் ஊசிபோல் ஒல்லியான முனை உள்ள உலோகத் துண்டு) வாங்கி, வயரைக் குழலுக்குள் விட்டு, கிரிம்பிங் டூலால் (லக்கை வயரோடு இறுக்கி அழுத்தும் கருவி) அழுத்தி, அதன் முனையை உள்ளே விட்டு ஸ்குரூவை முறுக்குங்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான்.

திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர், நாங்குநேரி பக்கம் மீட்டர் ஒரு மூலை, கிணத்து மோட்டார் ஒரு மூலை. வோல்டேஜ் இறங்காமலிருக்கத்தான் தடித்த வயர் இழுக்கிறோம். முனையில் பாதி இழையை வெட்டினால் மிச்ச இழைகளே மொத்த கரண்டையும் சுமந்து சூடாகும், பிரேக்கரின் பிளாஸ்டிக் பழுப்பேறும். லக்கில் எல்லா இழையும் சேர்ந்தே பிடிபடும். (சுத்தியலால் நசுக்குவது கிரிம்பிங் இல்லை.)

அலுமினிய வயருக்கு வெறும் செம்பு லக் ஆகாது, அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டல் லக் கேளுங்கள். லக்கின் முனை பிரேக்கரின் ஆம்பியரைத் தாங்காத அளவு மெலிந்திருந்தால் இந்த வழி வேண்டாம். பெரிய டெர்மினல் உள்ள பிரேக்கரே மாட்டுங்கள்.