சைலன்சர் மாற்றும்போது மூட்டிலும் தொங்கலிலும் செய்யக் கூடாதவை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ்களில் வேலை பழகும் பையன்கள் சைலன்சர் மாற்றும்போது செய்யும் தவறுகள் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. நட்டை இறுக்க மறப்பது, சூடான பைப்பில் கை வைப்பது எல்லாம் ஒருதரம் பட்டால் திருந்திவிடும். வண்டி கராஜை விட்டுப் போய்ச் சில மாதம் கழித்துத் தலைகாட்டும் தவறுகளைப் பற்றியதுதான் இது.

ரப்பருக்குப் பதில் கம்பி

சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் அறுந்திருக்கும், பக்கத்துக் கடையில் அந்த அளவு இருக்காது. உடனே ஒரு இரும்புக் கம்பியை வளைத்து, ஒரு முனையைச் சைலன்சரிலும் மறுமுனையைச் செசியிலும் வெல்டிங் அடித்துவிடுவார்கள். ஆட்டிப் பார்த்தால் அசையாது. வண்டிக்காரரும் "நல்லா கெட்டியா இருக்கு பாஸ்" என்று சொல்லிப் போவார். மலைநாட்டில் சைலன்சர் வேலையில் இதைவிடச் செலவு வைக்கும் தவறு வேறில்லை. இன்றைக்கும் இதை வேலை என்று செய்து காசு வாங்குவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். ஆள் நிறைந்த வேன் இரண்டாம் கியரில் ரம்பொடை ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், அக்சிலேட்டரை விட்டதும் திரும்பும். வளைவுக்கு வளைவு இதுதான் நடக்கும். அதோடு சூட்டில் பைப்பும் நீளும்: 3 மீற்றர் இரும்புப் பைப் 300 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 11 மில்லிமீற்றர் கூடும். இந்த இரண்டு அசைவையும் வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர் இருக்கிறது. கம்பி வைத்தால் அந்த இழுப்பு முழுவதும் முன்னால், எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மெனிஃபோல்டுக்குப் போகும். முதலில் மூட்டை அடைக்கும் கேஸ்கட் ஊதும், பிறகு அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் உடையும், கடைசியில் வார்ப்பிரும்பு மெனிஃபோல்டே வெடிக்கும். உடைந்த ஸ்டட்டைத் துளைபோட்டு எடுத்து மரை போட வேண்டும். வெடித்த வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடால் அடித்தால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும்.

சேதம் அதோடும் நிற்பதில்லை. ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். அந்தக் காற்றைச் சென்சர் பிடிக்க, பெற்றோல் போதவில்லை என்று கணித்து எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். எரிபொருள் செலவு ஏறும், வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் வண்டி தவறலாம். எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, நுவரெலியாக் குளிரில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு போகும் பள்ளிக்கூட வேன்களை நினைத்துத்தான். தளத்துக்குக் கீழே கசியும் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

அதே அளவு ரப்பர் பாவித்த சாமான் கடைகளில் கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து எடுப்பிக்கலாம். அது வரும்வரை நூல் வைத்த டயரில் (கம்பி டயர் வேண்டாம்) ஓரங்குல அகலத் துண்டு வெட்டி, இரு முனையிலும் அகல வாஷர் வைத்து போல்ட் போடுங்கள். ரப்பரின் கீழ்முனை ஆறிய நிலையில் சற்று முன்பக்கம் சாய்ந்திருக்கட்டும். பைப் பின்னால் நீளும்போது அது நேராகும்.

எல்லா மூட்டையும் வெல்டிங் அடிப்பது

மெனிஃபோல்டிலிருந்து வால் வரை ஒரே துண்டாக்கினால், அடுத்த முறை கிரைண்டரால் வெட்டாமல் எதையும் கழற்ற முடியாது. முன்பக்க மூட்டுக்கு போல்ட் போட்டு இறுக்கும் ஃப்ளேஞ்சும் புதுக் கேஸ்கட்டும்தான் சரி. சைலன்சர் வாயில் பைப்புக்குள் பைப் நுழையும் மூட்டென்றால் க்ளாம்ப் போதும். 1½ முதல் 2 அங்குலம் வரை உள்ளே போக வேண்டும், எஞ்சின் பக்கத்துப் பைப் உள்ளே இருக்க வேண்டும். யூ போல்ட் க்ளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் இரண்டு பைப்பும் சேர்ந்து நசுங்கிப் பூட்டிக்கொள்ளும். சுற்றிவர ஒரேயளவாக அழுத்தும் பட்டை க்ளாம்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

துருவேறி மெலிந்த பைப்புக்கு வெல்டிங் வேண்டியதுதான், ஆனால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டு அடியுங்கள். ரப்பர்களை மாட்டி, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது மூன்று இடத்தில் புள்ளி வெல்டிங் வைத்து, பிறகு கழற்றி முழுதாக அடியுங்கள். ஜக்கில் தூக்கி வைத்து அளந்தால் அக்சில் கீழே தொங்கும். தோட்டத்து ரோட்டில் சுமையோடு இறங்கும்போது அதே அக்சில் பைப்பில் இடிக்கும்.

'2 இஞ்ச் பைப்' என்று மட்டும் கேட்பது

உள்விட்டமா வெளிவிட்டமா? வேர்னியரால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

பசையை நம்புவது

மூட்டில் பூசும் பசை கசிவை அடைக்கும். பாரம் தாங்காது.

பெட்டரியைக் கழற்றாமல் வெல்டிங்

மைனஸைக் கழற்றுங்கள். எர்த் க்ளாம்பை வெல்டிங் அடிக்கும் பைப்பிலேயே போடுங்கள். எரிபொருள் தாங்கிக்குப் பக்கமென்றால் பைப்பை வெளியே எடுத்து அடியுங்கள்.

அடித்துளையை அடைப்பது

1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய அதேயளவு தண்ணீர் உண்டாகும். குளிரில் கிட்டத்து ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில் அது சைலன்சருக்குள் தேங்கித் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். அடியிலுள்ள சிறு துளை அதற்குத்தான். ஓட்டை என்று நினைத்து அடைக்காதீர்கள், துளை மேலே வரும்படி திருப்பியும் மாட்டாதீர்கள்.

பின்னாலிருந்து இறுக்குவது

எல்லா மூட்டையும் கையளவு இறுக்கி, தொங்கவிட்டு, தளம், பிரேக் பைப், தாங்கி எல்லாவற்றுக்கும் ஓரங்குலம் இடைவெளி பார்த்து, முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, வால் பைப்பைத் தடித்த துணியால் சில நொடி பாதி மூடி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் கசிகிற இடம் நுரைக்கும். ஒரு நல்ல ஏற்றம் ஏறி இறங்கி ஆறியபிறகு க்ளாம்ப் நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவற்றை மறுபடி இறுக்கித்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.